மகளின் காலுக்கு மகளுக்கென்றே ஒரு காலணி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலிருந்து எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவுக்கு வரும் குடும்பங்களில் பலவற்றுக்குத் தோல் தொழிலோடு தொடர்பு உண்டு. தந்தை தோல் பதனிடும் ஆலையில் இருப்பார். தாய் காலணித் தொழிற்சாலையில் மேற்பகுதி தைப்பவராக இருப்பார். அவர்கள் கைபட்ட காலணிகள் கடல் கடந்து அயல்நாட்டுக் கடைகளைச் சென்றடைகின்றன. அத்தகைய வீட்டுச் சிறுமியர் பள்ளி ஹாக்கித் திடலிலோ கால்பந்துத் திடலிலோ கணுக்கால் சுளுக்கி எங்களிடம் வருவதுண்டு. விளையாடும்போது அணிந்த காலணியைக் கொண்டுவரச் சொன்னால், சில வேளைகளில் அது அண்ணனுடையதாக இருக்கிறது. வேறு சில வேளைகளில், "வளர்கிற பிள்ளைதானே டாக்டர்" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி, முனையில் பழந்துணி அடைத்ததாக இருக்கிறது.

பெற்றோரை நாங்கள் குறைகூறவில்லை. ஒரு காலணியை இரண்டு பிள்ளைகள் அணிவது சிக்கனம் என்றே நாம் அனைவரும் வளர்க்கப்பட்டோம். ஆயினும் அண்ணனுக்குப் புதியது, தங்கைக்கு மிஞ்சியது என்னும் வழக்கத்தின் விலையை அந்தச் சிறுமியின் கால் செலுத்துகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. மகளின் விளையாட்டுக் கருவிகள் ஆடம்பரம் அல்ல. அவள் உடல்நலத்தின் ஒரு பகுதி என்பதே எங்கள் கருத்து.

பெரிய காலணிக்குள் பாதம் வழுக்குகிறது. திடீரென நின்று திரும்பும்போது காலணி ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் செல்லக் கணுக்கால் மடங்குகிறது. விரல்நகம் முனையில் மோதிக் கறுக்கிறது. குதிகாலில் கொப்புளம் எழுகிறது. மேலும், பெண்களின் பாதத்தில் முன்பகுதியோடு ஒப்பிடக் குதிகால் பொதுவாகக் குறுகலானது. ஆதலால் நீளம் பொருந்தினாலும் ஆண்பிள்ளையின் காலணி குதிகாலைப் பற்றி நிற்பதில்லை. வளரிளம் பருவத்துச் சிறுமியருக்கு முழங்கால் தசைநார்க் காயம் சிறுவரைவிட மிகுதியாக ஏற்படுகிறது என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்தது. அதற்குக் காரணங்கள் பல. காலணி மட்டும் அதனைத் தடுத்துவிடாது. உடலைச் சூடேற்றும் பயிற்சியும், தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் உடன் வேண்டும்.

காலணி மருந்தாகும் என்பதை வேலூர் முன்னரே கண்டிருக்கிறது. 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்களை ஆராய்ந்தார். உணர்ச்சியற்ற பாதத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே அப்புண்களுக்குப் பெருங்காரணம் என்று அவரும் உடன் பணியாற்றியோரும் காட்டினர். மென்மையான நுண்துளை ரப்பர் பதித்த காலணிகள் அப்பாதங்களைக் காத்தன. பாதத்திற்கேற்பக் காலணி அமைய வேண்டும் என்ற அப்பாடம் விளையாடும் சிறுமிக்கும் பொருந்தும்.

வாங்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டுகிறோம். நாள் முழுதும் நடந்தபின் பாதம் சற்றே வீங்கியிருக்கும். ஆகவே மாலையில் கடைக்குச் செல்லுங்கள். விளையாடும்போது அணியும் காலுறையோடு, பிள்ளையை நிற்கவைத்து, இரு பாதங்களையும் அளக்கச் சொல்லுங்கள். பெரிய பாதத்தின் அளவையே கொள்ளுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். கடைக்குள்ளேயே ஓடித் திரும்பச் சொல்லுங்கள். குதிகால் எழும்பினால் அக்காலணி வேண்டாம். வளரும் வயதில் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை அளவைச் சரிபாருங்கள்.

பணம் குறைவாக இருப்பின், முதலில் காலணிக்கும், அடுத்துப் பல் காப்புக்கும் கணைக்கால் காப்புக்கும் செலவிடுங்கள். ஹாக்கி மட்டையைப் பள்ளியிலிருந்து பெறலாம். விரிசல் இல்லையெனில் பழையதும் உதவும். பல் காப்பு மட்டும் ஒருபோதும் பிறருடையதாக இருத்தலாகாது. விளையாட்டில் நிலைப்பல் விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, உடனே அதன் குழியில் பொருத்துங்கள். இயலாவிடில் பாலில் இட்டு, அரைமணி நேரத்திற்குள் பல் மருத்துவரை அடைய முயலுங்கள்.

பேணுதல் பற்றி இவ்வட்டாரத்து மக்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியது சிறிதே. நனைந்த தோலைக் கடும் வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் அது விறைத்து வெடிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சேற்றைத் துடைத்து, உள்தட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் உலர்த்துங்கள். ஈரக் காலணியை நெகிழிப்பைக்குள் கட்டி வைத்தால் பூஞ்சை வளரும். அது விரலிடுக்குப் புண்ணாக முடியும். காலுறையை நாள்தோறும் துவையுங்கள். பல் காப்பைக் குளிர்ந்த நீரில் கழுவிக் காற்றோட்டமுள்ள பெட்டியில் வையுங்கள். வெந்நீரில் அது உருக்குலையும்.

பெற்றோரிடம் மட்டும் வேண்டுவது நியாயமாகாது. பள்ளிகள் வெவ்வேறு அளவுகளில் காப்புக் கருவிகளை வாங்கி வைத்து, சிறுமியருக்கும் சம உரிமையோடு வழங்க வேண்டும். இவ்வட்டாரத்துக் காலணித் தொழிற்சாலைகள் சிறுமியரின் பாத அமைப்புக்கேற்ற எளிய விளையாட்டுக் காலணிகளை உள்ளூர்ப் பள்ளிகளுக்கு அடக்க விலையில் தர முன்வர வேண்டும். அதற்கான திறமையும் இயந்திரமும் இங்கேயே உள்ளன. பாத அளவுகளை எடுத்துத் தரும் பணியில் எங்களைப் போன்ற மருத்துவமனைகள் உடன் நிற்கலாம்.

சுளுக்கு ஆறிய பின்னும் திடலுக்குத் திரும்பாத சிறுமியரை நாங்கள் காண்கிறோம். "போதும், பெண்பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு" என்ற சொல் வீட்டில் எழுந்துவிடுகிறது. காயத்தைவிட அச்சொல்லே அவளை நீண்ட நாள் முடக்குகிறது. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மகளின் விளையாட்டுக் காலணியையும் உடன் கொண்டுவாருங்கள். அது அவள் காலுக்குப் பொருந்துகிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.