மீன் காட்டும் மெஷினா, ஜிபிஎஸ்ஸா... சின்னப் படகுக்கு எது முதல்ல?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மீன் என்றால் கண்மாய் மீன்தான். மழை பெய்து தண்ணீர் நின்றால் கட்லா, ரோகு. கோடையில் வற்றினால் ஊத்தா, கச்சா, வலையோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா. முழங்கால் அளவு தண்ணியில விராலைத் தேட எந்த மெஷினும் வேண்டாம்.

ஆனால் திருச்சுழி வழியாக ஓடும் குண்டாறு (ஓடும் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான்) கமுதியைத் தாண்டி, மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடாவில் போய்ச் சேர்கிறது. அந்தக் கடற்கரை ஊர்களில் பிறந்து, படித்துவிட்டு, மதுரையிலும் சென்னையிலும் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஊரிலிருந்து வரும் போன் கால்களில் இதுவும் ஒன்று: "மாப்ள, படகுக்கு மீன் காட்டுற மெஷின் ஒண்ணு வாங்கணும். ஆன்லைன்ல நல்லதா பாத்துச் சொல்லு."

ஆன்லைனில் தேடினால் கார்மின், லோரன்ஸ், ஹம்மின்பேர்டு, ஃபுருனோ என்று வரிசையாக வருகிறது. எல்லா விளம்பரத்திலும் பளபளக்கும் ஸ்க்ரீன், அதில் கொத்துக் கொத்தாக மீன். எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் மாமாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தக் கடலில் தொழில் செய்கிறார்?

ஒரு பெட்டிக்குள் இரண்டு கருவி

'ஜிபிஎஸ்ஸுடன் ஃபிஷ் ஃபைண்டர்' என்று விற்கப்படுவது உண்மையில் இரண்டு தனித்தனி வேலைகள். ஜிபிஎஸ் மேலே பார்க்கிறது. செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்கிறது. 2000 மே மாதம் வரை அமெரிக்கா இந்த சிக்னலை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்துத்தான் பொதுமக்களுக்குக் கொடுத்தது. 100 மீட்டர் வரை பிசகும். அந்தக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகுதான் பத்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் வந்தது. கடலுக்குள் ஒரு பாரைக் குறித்து வைத்து, அடுத்த வாரம் அதே பாருக்குத் திரும்பிப் போவது சுலபமானது அதனால்தான்.

ஃபிஷ் ஃபைண்டர் கீழே பார்க்கிறது. படகுக்கு அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் ஒலியை அனுப்பும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். தரையில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து ஆழம் தெரியும். நடுவில் மீன் இருந்தால் அதிலும் பட்டுத் திரும்பும். 1948-ல் ஜப்பானின் நாகசாகியில் ஃபுருனோ சகோதரர்கள் இதை மீனவர்கள் பயன்படுத்தும் கருவியாக்கினார்கள். அடிப்படை இன்றும் அதேதான்.

இதில் விளம்பரம் சொல்லாத விஷயம் இரண்டு. முதலாவது, ஒலி நேராக ஒரு கம்பி போல இறங்காது. கூம்பு மாதிரி விரியும். கூம்பின் கோணம் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 60 மீட்டர் ஆழத்தில் அது தரையில் 21 மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். 10 மீட்டர் ஆழத்தில்? வெறும் மூன்றரை மீட்டர். கிட்டத்தட்ட படகுக்கு நேர் கீழே மட்டும்தான்.

இரண்டாவது, மீனின் உடம்பில் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புவது அதன் காற்றுப்பை. காற்றுப்பை இல்லாத நண்டும் இறாலும் தரையோடு தரையாகக் கிடந்தால் ஸ்க்ரீனில் தரையாகத்தான் தெரியும்.

பாக் நீரிணையா, மன்னார் வளைகுடாவா?

இந்த இரண்டையும் நம் கடலில் வைத்துப் பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும். ராமேஸ்வரத்துக்கு வடக்கே, தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கம் இருக்கும் பாக் கடல் ஆழம் குறைந்தது. பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. அடியில் சேறும் மணலும். சின்னப் படகுகளுக்கு வருமானம் தருவதில் நண்டுக்கும் இறாலுக்கும் பெரிய பங்கு. அங்கே ஃபிஷ் ஃபைண்டர் என்ன செய்யும்? மூன்று, நான்கு மீட்டர் வட்டத்தைப் பார்க்கும், அதிலும் நண்டைக் காட்டாது. ஆழம் தெரியும், அவ்வளவுதான்.

ராமேஸ்வரத்துக்குத் தெற்கே, மூக்கையூர், வேம்பார், தூத்துக்குடி வரை கதை வேறு. மன்னார் வளைகுடா கரையை விட்டுப் போகப் போக ஆழமாகிக்கொண்டே போகும். நடுநடுவே பார்கள். விளைமீன், களவா, பாறை மாதிரி மீன்கள் அந்தப் பார்களைச் சுற்றித்தான் நிற்கும். தூண்டில் போடுபவருக்குப் பாரின் மேட்டில் நிற்கிறோமா, 50 மீட்டர் தள்ளி வெறும் மணலில் நிற்கிறோமா என்பதுதான் அன்றைய கூலி. முன்பு கரையில் தெரியும் கோயில் கோபுரம், சர்ச், பனை மரம் இவற்றில் இரண்டை ஒரே நேர்கோட்டில் வைத்தும், கயிற்றில் ஈயக் குண்டு கட்டி இறக்கியும் அந்த இடத்தைப் பிடித்தார்கள். இப்போது ஸ்க்ரீனில் தரை திடீரென மேடேறுவது தெரியும். கடினமான தரை தடித்த, அழுத்தமான கோடாகவும், சேறு மங்கலாகவும் வரும். பழகியவர்கள் மீனைவிடத் தரையைத்தான் அதிகம் படிக்கிறார்கள்.

ஆக, மூக்கையூர் மாமாவுக்கு இரண்டும் சேர்ந்த கருவி பிரயோஜனம். தொண்டிச் சித்தப்பாவுக்கு நல்ல ஜிபிஎஸ் ஒன்று போதும். மிச்சக் காசை வலைக்குப் போடலாம். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

கோடு எங்கே இருக்கிறது?

பாக் கடலில் ஜிபிஎஸ் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது தினமும் செய்தி படிப்பவர்களுக்குத் தெரியும். பாக் நீரிணைப் பகுதியில் இந்தியா-இலங்கை கடல் எல்லை 1974 ஒப்பந்தத்தில் வரையறுக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவில் 1976-ல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலேயே சுமார் 30 கி.மீ.தான். தண்ணீரில் கோடு போட்டா வைத்திருக்கிறார்கள்? இருட்டில், காற்றில், நீரோட்டத்தில் அது எங்கே என்று கண்ணால் தெரியாது. தாண்டினால் கைது, படகு பறிமுதல். இழுவை மடியை 2017-ல் தடை செய்த இலங்கை, அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை 2018-ல் பல மடங்கு உயர்த்தியது.

ஜிபிஎஸ் இருந்தால் கைதே நடக்காது என்று சொல்லிவிட முடியாது. மீன் அந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தே போகிறவர்கள் இருக்கிறார்கள். அது கருவி தீர்க்கும் பிரச்சினை இல்லை. இன்ஜின் நின்றுபோனால் படகு நீரோட்டத்தோடு போகும். மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் என்றாலும் மூன்று மணி நேரத்தில் ஐந்தரை கி.மீ. அந்த நேரத்தில் ஜிபிஎஸ் உங்களை நிறுத்தாது. எங்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லும். ஆனால் நங்கூரத்தை எப்போது போடுவது என்று முடிவெடுக்க அதுவே பெரிய உதவி.

இங்கேதான் ஊரில் இருப்பவருக்குப் படித்த பிள்ளை செய்துகொடுக்க வேண்டிய வேலை வருகிறது. வாங்கின கருவியில் எல்லைக்கோடு சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவில் விற்பதற்கென்று வந்த மாடலில் அந்த ஊர் ஏரி மேப் இருக்கும், நம் கடல் வெறும் நீல நிறமாக இருக்கும். எல்லைப் புள்ளிகளை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, நாமே பதிவதுதான் நல்லது.

பதியும்போது ஒரு விஷயத்தில் ரொம்ப கவனம் தேவை. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மூன்று விதமாக எழுதுவார்கள். '9 டிகிரி 15.50 மினிட்' என்று ஒரு பேப்பரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 15 மினிட் 30 செகண்ட். கருவி டிகிரி-மினிட்-செகண்ட் முறையில் இருந்து, நீங்கள் அதை 15 மினிட் 50 செகண்ட் என்று அடித்துவிட்டால் புள்ளி சுமார் 600 மீட்டர் தள்ளிப் போய்விடும். டிகிரி தசம முறையில் 9.1550 என்று அடித்தால் இன்னும் மோசம்: பதினொன்றரை கி.மீ. பிசகும். கருவியில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. கோடு அழகாக, தப்பான இடத்தில் நிற்கும். செட்டிங்ஸில் முறையை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் எண்ணைத் தொடுங்கள்.

அலாரத்தையும் கோட்டின் மேலேயே வைக்காதீர்கள். ஆறு நாட் வேகத்தில் போகும் படகு ஒரு கடல் மைலைப் பத்தே நிமிடத்தில் கடந்துவிடும். குறைந்தது அந்த ஒரு கடல் மைல் முன்னாலேயே கத்தும்படி வைத்தால்தான் வலையை வாங்கித் திரும்ப நேரம் இருக்கும்.

அதான் அரசாங்கமே டிரான்ஸ்பாண்டர் தருதே?

நியாயமான கேள்வி. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கியது. இஸ்ரோ உருவாக்கிய கருவி. போன் டவர் எட்டாத தூரத்திலும் செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் குறுஞ்செய்தி போகும். புயல் எச்சரிக்கை வரும், எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும், ஆபத்து என்றால் பட்டனை அழுத்தலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்குத் தகவல் சொல்ல வழியில்லாமல் போனதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

ஆனால் அது பாரைக் காட்டாது. உங்கள் மீன்பிடி இடங்களைக் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகமும் இல்லை. டிரான்ஸ்பாண்டர் உயிருக்கு, ஜிபிஎஸ் வழிக்கு, ஃபிஷ் ஃபைண்டர் தரைக்கு. ஒன்று இருக்கிறது என்று இன்னொன்றைத் தள்ள முடியாது.

இலவசமாகக் கிடைக்கும் இன்னொன்றும் உண்டு. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, மீன் கூடக்கூடிய இடங்களைச் சொல்கிறது. எந்தத் துறையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கி.மீ., எவ்வளவு ஆழத்தில் என்று தமிழிலேயே வரும். மேகம் மூடிய நாளில் வராது. இதைப் பயன்படுத்தவும் கையில் ஜிபிஎஸ் வேண்டும்.

சரி, வாங்கும்போது?

ஸ்க்ரீன் அளவைவிட வெயிலில் தெரிகிறதா என்பதைப் பாருங்கள். ஏசி ஷோரூமில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். ராத்திரித் தொழிலுக்கு வெளிச்சத்தை நன்றாகக் குறைக்கவும் முடிய வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது டிரான்ஸ்டியூசரில். பெட்டியோடு வருவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் வகை. துறைமுகத்தில் கட்டிப்போடும் படகுக்குச் சரி. மணலில் இழுத்து ஏற்றும் ஃபைபர் படகில் ஒரே வாரத்தில் உடைந்து கையோடு வந்துவிடும். ஒற்றை அடுக்கு ஃபைபராக இருந்தால் டிரான்ஸ்டியூசரை உள்பக்கமே காற்றுக் குமிழி இல்லாமல் எபாக்ஸி வைத்து ஒட்டிவிடலாம். சாதாரண சோனார் ஒலி ஃபைபரைத் தாண்டிப் போகும். மரத்தையோ நடுவில் ஃபோம் வைத்த அடுக்கையோ தாண்டாது. பக்கவாட்டில் படம் காட்டும் விலை உயர்ந்த மாடல்களுக்கும் இந்த வழி ஒத்துவராது. ஆக, கரையில் இழுக்கும் படகுக்கு அவற்றை வாங்குவது வீண் செலவு.

அடுத்து கரண்ட். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பல சின்ன அவுட்போர்டு இன்ஜின்கள் பேட்டரியை சார்ஜ் செய்யாது. தனியாக 12 வோல்ட் பேட்டரி வேண்டும். கருவி ஒரு ஆம்பியர் இழுத்தால், யூபிஎஸ்ஸில் வரும் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஏழு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ராத்திரி முழுக்கத் தொழில் என்றால் பெரிதாக வாங்குங்கள். வயரில் ஃபியூஸ் அவசியம்.

ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புக்கு உத்தரவாதம் இல்லை. கரைக்கு வந்ததும் கனெக்டரை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்தே ஆக வேண்டும்.

'செயற்கைக்கோளில் மெசேஜ் போகும்' என்று துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ யாராவது கருவி வாங்கி அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாதாரண ஜிபிஎஸ்ஸுக்குத் தடை இல்லை. அனுமதியில்லாத துரையா, இரிடியம் வகை சாட்டிலைட் போன்களும் மெசஞ்சர்களும் இந்தியாவில் வழக்கில் மாட்டிவிடும்.

குறித்து வைத்த புள்ளிகளை மெமரி கார்டிலோ, குறைந்தபட்சம் ஒரு நோட்டிலோ பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். படகு பறிபோனாலும், கருவி கெட்டாலும், இருபது வருஷம் தேடிச் சேர்த்த பார்கள் அதோடு போய்விடக் கூடாது. பழைய கருவியை விற்கும் முன் அழித்துவிட்டு விற்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

மாட்டி முடித்த அன்றே மீன் தேடிப் போக வேண்டாம். கரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, அளவு குறித்த கயிற்றில் குண்டு கட்டி இறக்கி, ஸ்க்ரீன் காட்டும் ஆழத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கருவி டிரான்ஸ்டியூசரிலிருந்து அளக்கிறது, கயிறு தண்ணீர் மட்டத்திலிருந்து அளக்கிறது. அந்த ஒரு சாண், இரண்டு சாண் வித்தியாசத்தை செட்டிங்ஸில் ஏற்றிவிடலாம். அப்படியே கடலோரக் காவல் படையின் 1554 எண்ணை மாமாவின் போனிலும் பதிந்து கொடுத்துவிடுங்கள்.