இனிப்பில் ஒளியும் பகை

சருக்கரை என்றதும் நாவின் சுவையையும் உடலின் ஊட்டத்தையும் மட்டுமே நினைப்பது உலக வழக்கு. அச்சருக்கரையே கொடிய ஒட்டுண்ணி ஒன்றுக்கு மெய்ம்மறையாகவும் அமைகின்றது.

ஆப்பிரிக்க நாடுகளில் செட்சி ஈயின் கடியால் மாந்தர் குருதியுட் புகுந்து உறக்க நோயை விளைப்பது திரிப்பனோசோமா என்னும் ஓரணு உயிரி. ஒட்டுண்ணிகள் பல உயிரணுக்களுக்குள் நுழைந்து பதுங்கும். இதுவோ குருதியில் வெளிப்பட நீந்தியே வாழும். இத்துணிவுக்குத் துணை அதன் போர்வை. ஏறத்தாழ ஒரு கோடிப் புரத மூலக்கூறுகள் அதன் உடலை இடைவெளியின்றி மூடியுள்ளன. கேம்பிரிட்சு ஆய்வாளர் சியார்ச்சு கிராசு 1975ஆம் ஆண்டில் அவற்றைப் பிரித்தெடுத்து, அவை சருக்கரை ஏறிய புரதங்கள் எனக் காட்டினார். போர்வையை உடலோடு பிணைக்கும் கொளுவியின் நடுத்தண்டிலும் சருக்கரையே உண்டென்பது 1988இல் விளங்கிற்று.

உடல் ஒரு போர்வையை அடையாளங்கண்டு எதிர்ப்பொருள்களை ஏவுவதற்குள், ஒட்டுண்ணிகளுட் சில வேறு போர்வைக்கு மாறிவிடும். தப்புதற்குரிய கரணியம் இம்மாற்றமே என்பது முன்னரே அறியப்பட்டது. சருக்கரைக்கும் அதிற் பங்குண்டு என்பதை 2018ஆம் ஆண்டின் ஆய்வொன்று வெளிக்கொணர்ந்தது. ஒருவகைப் போர்வைப் புரதத்தின் உச்சியிலேயே சருக்கரைக் கூறுகள் அமர்ந்திருந்தன. சில மூலக்கூறுகளில் ஒன்றுமில்லை; சிலவற்றில் ஒன்று முதல் மூன்று வரை இருந்தன. அவை ஏறாதவாறு மாற்றப்பட்ட ஒட்டுண்ணிகளைச் சுண்டெலிகளின் உடல் எளிதில் அடக்கிற்று. சருக்கரை ஏறியவற்றை அவ்வாறு அடக்க இயலவில்லை. அணுவினும் சிறிதெனத் தோன்றும் ஒரு கூறு, உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்கின்றது!

இந்நோய் செல்வர் நாடுகளின் நோயன்று. ஆற்றங்கரையிலும் காட்டோரத்திலும் உழைக்கும் ஏழையரின் நோய். ஆதலின் அது குறையுந்தோறும் உலகின் நினைவும் குறைந்துவிடுகின்றது. 1960களின் நடுவில் ஆப்பிரிக்கா முழுவதும் பதிவானோர் ஆண்டுக்கு 5000க்கும் குறைவே. வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தினர். விளைவு என்ன? 1998இல் பதிவானோர் ஏறத்தாழ 40,000 பேர். கடும் உழைப்பால் அத்தொகை 2018இல் 1000க்குக் கீழ் இறங்கிற்று.

இன்றும் அதே தளர்ச்சி தலைகாட்டலாகாது. நோயாளர் தொகை சிறிதென்று ஆய்வை நிறுத்துவது, பகைவன் ஒளிந்திருக்கும் இடத்தில் விளக்கை அணைப்பதாகும். நூறாண்டுக்கு மேல் ஆராயப்பட்ட உயிரியே தன் உச்சியிற் சூடிய சருக்கரையை 2018 வரை மறைத்து வைத்திருந்ததென்றால், இன்னும் மறைத்திருப்பவை எத்தனையோ! ஒட்டுண்ணிக்குப் புரதம் ஒரு போர்வை. சருக்கரை ஒரு போர்வை. மாந்தரின் மறதியை மூன்றாம் போர்வையாக அதற்கு அளித்தல் கூடாது.