வாய்க்குள் கட்டி என்றால் வாய்மூடிக் கிடப்பதா?



காலில் முள் ஏறினால் பெரட்டுக்கு முன்பே தண்டலிடம் சொல்கிறோம். வாய்க்குள் ஒரு கட்டி எழும்பினால் மட்டும் மூச்சு விடுவதில்லை. உப்பு வெந்நீர், மஞ்சள், கிராம்பு! கேட்டால், "வலியில்லை, தானே போய்விடும்" என்ற பதில். வலியில்லை என்பதை நம்பித்தான் ஐயா ஏமாறுகிறோம்! வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

எல்லாக் கட்டியும் புற்று என்று பயமுறுத்த நான் வரவில்லை. கன்னத்தைக் கடித்து வந்த புண் ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். மேலண்ணத்தின் நடுவே வருஷக் கணக்காக இருக்கும் எலும்பு மேடு பலருக்கு உண்டு, அதனால் கேடில்லை. சொத்தைப் பல்லின் அடியில் சீழ் கட்டி ஈறு வீங்குவது புற்றல்ல. ஆனாலும் பல்லைக் கவனிக்காமல் அது தீராது. முகம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால், விழுங்க முடியாமற் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், கரையாத கட்டி, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மிளகாய் பட்டால் எரிச்சல், நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைதல்... இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரிடம் போயே தீர வேண்டும். அதிலும் வெற்றிலை அடக்குகிற பக்கத்துக் கன்னத்தில் இருந்தால் தள்ளிப் போடவே கூடாது.

வெற்றிலையைத் தொட்டால் நம் பெரியவர்களுக்குக் கோபம் வரும். "புகையிலைதானே கெடுதல்? நான் வெறும் பாக்குதானே போடுகிறேன்" என்பார்கள். அந்த வாதமும் செத்துவிட்டது. பாக்கே புற்றை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் அச்சிட்டே வெளியிட்டுவிட்டது. மலேசியாவில் வாய்ப்புற்று கண்டவர்களில் இந்தியரின் பங்கு, ஜனத்தொகையில் நமக்குள்ள பங்கைவிட மிக அதிகம். தாம்பூலத் தட்டின் பெருமை பேசுவோர் இதற்கும் பதில் சொல்லட்டும்.

இனி நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. "பல்லுக்கெல்லாம் சம்பள லீவா?" என்று தொழிலாளியை விரட்டுவதைக் கிராணி மேசையில் உட்கார்ந்து நானே கேட்டிருக்கிறேன். உண்டு ஐயா, உண்டு! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எப் பிரிவு பல் டாக்டரின் சீட்டையும் ஏற்கிறது. வருஷத்துக்கு 14 நாள். 2 வருஷச் சேவை இருந்தால் 18. 5 வருஷம் ஆனால் 22. லீவு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சீட்டு இருந்தும் 'அனுமதியின்றி வராதவர்' என்று எழுத அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். தெரிவித்த பிறகும் சீட்டை மறுத்தால், தேதியோடு குறித்து உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.