ஒற்றை எண்ணை நம்பி மதகைத் திறப்பதா?

நாளை ஏரிக்கு எவ்வளவு நீர் வரும் என்ற கேள்விக்கு ஒரே ஓர் எண்ணைப் பதிலாகத் தரும் முன்கணிப்பை நீர்வளத் துறை இனி ஏற்கக் கூடாது. வரத்து எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை இருக்கலாம், எதனால் அப்படி என்று சொல்லாத கணிப்பு, இயந்திரக் கற்றல் போட்டதே ஆனாலும், மதகடியில் நிற்கும் பொறியாளருக்கு உதவாது.

சென்னையின் செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அங்கிருந்து அடையாற்றில் விடப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடியை எட்டியது, சென்னை மூழ்கியது. முன்பே ஏன் திறக்கவில்லை என்று கேட்காதவர் இல்லை. ஆனால், 2019 கோடையில் அதே ஏரி வறண்டபோது குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்ததும் இதே நகரம்தான். திறந்துவிட்டபின் மழை பொய்த்தால் குற்றம். திறக்காமல் இருந்து மழை கொட்டினாலும் குற்றம். இந்த இக்கட்டில் இருப்பவரிடம் ‘நாளை வினாடிக்கு 10,000 கன அடி வரும்’ என்பதில் என்ன பயன்? ‘பெரும்பாலும் 10,000, பத்தில் ஒரு வாய்ப்பு 25,000-ஐத் தாண்டவும் உண்டு’ என்று சொல்லிப் பாருங்கள், அவர் போடும் கணக்கே மாறிவிடும்.

1997-இல் அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ரெட் ஆறு 49 அடி வரை உயரும் என்று அந்நாட்டு வானிலைத் துறை பல வாரங்களுக்கு முன்பே அறிவித்தது. ஊரார் அதற்குச் சற்று மேலாகக் கரையை உயர்த்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஆறு 54 அடியைத் தாண்டியது. அத்தகைய கணிப்பில் ஐந்தடி பிசகுவது அதிசயமில்லை. அதை ஊராருக்குப் புரியும்படி சொல்லாததுதான் கொடுமை.

இயந்திரக் கற்றலின் திறனில் ஐயமில்லை. அளவைக் கருவியே இல்லாத ஆறுகளுக்கும் வெள்ளத்தைச் சில நாள் முன்னரே கணிக்கலாம் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2024-இல் நேச்சர் இதழில் காட்டியிருக்கிறார்கள். ஆனால், அது கற்பது கடந்தகாலத்திடம். அந்த 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டிய மழைக்கு முன்மாதிரி எத்தனை இருந்திருக்கும்? பழகாத மழை வரும்போது கணிப்பின் வரம்பு அகல வேண்டும். அகலாவிட்டால் அந்தக் கருவியை நம்பக் கூடாது.

காரணம் கேட்பதும் அதனால்தான். மேலே உள்ள ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பும் வரை கீழே செம்பரம்பாக்கத்துக்கு வரத்து மந்தம். கலங்கல் வழிந்ததும் அதே மழைக்குப் பல மடங்கு நீர் பாய்ந்து வரும். இன்றைய கணிப்பில் மழைக்கு எவ்வளவு பங்கு, மண்ணின் ஈரத்துக்கு எவ்வளவு, மேலேரிகளின் நீர்மட்டத்துக்கு எவ்வளவு என்று கருவி பிரித்துக் காட்டினால், அந்த ஏரிகளை நேரில் பார்த்த உதவிப் பொறியாளர் பிசகை உடனே பிடித்துவிடுவார். அந்தப் பட்டியலையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். கருவி எதன்மேல் சாய்ந்தது என்பதை அது சொல்லும்; ஆறு ஏன் பெருகியது என்பதைச் சொல்லாது.

‘பத்தில் எட்டு முறை இந்த வரம்புக்குள்’ என்று சொன்ன கணிப்பு உண்மையில் எத்தனை முறை பலித்தது என்பதை ஒவ்வொரு பருவமழை முடிந்ததும் தமிழில் வெளியிட வேண்டும். எந்த வாய்ப்பளவுக்கு எத்தனை கன அடி திறப்பது என்பது அணை இயக்க விதியிலேயே இருக்க வேண்டும். அந்த விதிப்படி திறந்து, பிறகு மழை ஏமாற்றினால், பொறியாளர் மேல் விசாரணை இல்லை என்பதும் அதிலேயே எழுத்தாக இருக்க வேண்டும்.