காமிரா கடைசியில் வரட்டும்

உங்கள் ஆபீஸில் பக்கத்து ஸீட்காரரை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஒரு டைரக்டர் உட்கார்ந்திருப்பார். தி.நகர் டீக்கடையில் சாயங்காலம் ஐந்து பேர் சேர்ந்து நின்றால், ரெண்டு பேர் குறும்படம் எடுக்கப் போகிறவர்கள். மூன்றாமவர் ஹீரோ. மிச்சம் ரெண்டு பேர் டீக்குக் காசு கொடுப்பவர்கள். அதாவது, தயாரிப்பாளர்கள்.

ஆசையில் தப்பில்லை. திரைப்படக் கல்லூரியில் படித்த ருத்ரையா 1978-ல் 'அவள் அப்படித்தான்' எடுத்தார். அங்கே படித்தவர்கள் கூட்டாகச் சேர்ந்து 1986-ல் 'ஊமை விழிகள்' கொடுத்தார்கள். கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டியிலிருந்து கார்த்திக் சுப்புராஜும் நலன் குமரசாமியும் வந்தார்கள். அடுத்து நீங்களும் வரலாம். ஆனால், "மச்சி, கையிலதான் போன் இருக்கே, ஞாயித்துக்கிழமை ஷூட்டிங் வெச்சுக்கலாம்டா" என்று கிளம்பினால் போரூர் வரைகூடப் போய்ச் சேரமாட்டீர்கள்.

பிலிம் காலத்துக் கணக்கு ஒன்று சொல்கிறேன். 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடிச் சுருள் 11 நிமிஷத்தில் காலி. பத்து நிமிஷப் படத்துக்கு ஒவ்வொரு ஷாட்டையும் நாலு தடவை எடுத்தால் 3,600 அடி. அடிக்கு அடி காசு கரைகிறபோது, யாராக இருந்தாலும் முதலில் பேப்பரில்தான் படம் எடுப்பார்கள்.

இன்றைக்கு போனில் எத்தனை டேக் எடுத்தாலும் இலவசம். மீட்டர் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்போது அது உங்கள் நண்பர்கள் மேல் ஓடுகிறது. ஆறு நாள் ஆபீஸில் திட்டு வாங்கிவிட்டு, ஏழாம் நாள் உங்களுக்காக ஓசியில் வருகிறான் பாருங்கள், அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் மூலதனம். அதை வீணடிக்காமல் இருப்பதற்குப் பெயர்தான் திட்டம்.

கதையை ஒரே வாக்கியத்தில் அம்மாவிடம் சொல்லுங்கள். "அப்புறம்?" என்று கேட்டால் பாஸ். பிறகு ஷாட் ஷாட்டாக எழுதி, இடவாரியாகப் பிரியுங்கள். முதல் ஸீனும் கடைசி ஸீனும் மயிலாப்பூர் குளத்தங்கரையில் என்றால், ரெண்டையும் ஒரே காலையில் முடியுங்கள்.

ஷூட்டிங் நடக்கப்போகும் அதே நேரத்தில், முந்தின வாரமே இடத்தைப் போய்ப் பாருங்கள். 'பெசன்ட் நகர் பீச். சூரியன் கடலில் மறைகிறது' என்று அழகாக எழுதியிருப்பீர்கள். ஸார், நம்ம ஊர்க் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் அங்கே உதிக்கும்; மறையாது. காதலர்களை விடியற்காலை எழுப்புங்கள், அல்லது வசனத்தை மாற்றுங்கள். ரங்கநாதன் தெருவில் காதலி தனியாக நடக்க வேண்டுமென்றால், கடை திறக்கும் முன் போய்விடுங்கள். பொது இடம், கோயில் என்றால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி அனுமதி, அடுத்த ஷிப்ட் ஆள் வந்ததும் செல்லாது.

வீட்டுக்குள் எடுத்தால் ஃபேன், ஃப்ரிட்ஜ் ரெண்டையும் நிறுத்துங்கள். மைக்குக்கு அந்த ரீங்காரம் நன்றாகக் கேட்கும். ஸ்கூட்டர் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள்; ஃப்ரிட்ஜைத் திரும்பப் போடாமல் போகமாட்டீர்கள். பட்ஜெட்டில் முதல் வரி சாப்பாடு. சம்பளமில்லாதவனுக்கு இட்லியும் லேட்டானால் புரட்சிதான்.

சத்யஜித் ராயும் விளம்பரக் கம்பெனி உத்தியோகஸ்தர்தான். 'பதேர் பாஞ்சாலி'யை 1952 அக்டோபரில் ஆரம்பித்தபோது அவர் கையில் முழு ஸ்கிரிப்ட் இல்லை. ஷாட் ஷாட்டாக வரைந்த படங்களும் குறிப்புகளும்தான் இருந்தன. நாணல் பூத்த வெளியில் ஒரு நாள் எடுத்தார். அடுத்த ஞாயிறு மிச்சத்தை எடுக்கப் போனால், பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டது! மறுபடி பூக்கும் பருவத்துக்குக் காத்திருந்து எடுத்தார். படம் 1955-ல் வந்தது. எது எப்படி இருக்க வேண்டுமென்று பேப்பரில் இருந்ததால், காத்திருந்தும் காட்சி கலையவில்லை.

மாடு வரும். மழை வரும். ஹீரோவுக்கு மாமா வீட்டில் கல்யாணம் வரும். இதெல்லாம் எந்தத் திட்டத்திலும் அடங்காது. அடங்குகிற மிச்சத்தையாவது சனிக்கிழமை ராத்திரிக்குள் எழுதி முடித்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை வந்த நண்பன் அடுத்த ஞாயிறும் வருவான். ரெண்டாவது படம் எடுக்க அவன்தானே வேண்டும்?