ஆறு மீண்ட கதை

"பாழடைந்து கிடக்கும் தொழிற்சாலையைக் காண்பதற்கும் மனிதர் பயணம் போவார்களா, ஐயா?" என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் நம்மை வினவினான். ஜேர்மனி தேசத்துப் படமொன்றை வகுப்பிலே காட்டிக் கொண்டிருந்தோம். துருப்பிடித்த பழைய ஊதுலை ஒன்று. அதன் அடியிலே தழைத்து நிற்கும் மரங்கள். நடுவே பிள்ளைகளைக் கைப்பிடித்து உலாவும் பெற்றோர். வகுப்பு நகைத்தது. நாமும் நகைத்தோம். ஆயினும் அவ்வினா நகைத்து விட்டுவிடத் தக்கதன்று.

நாம் மாணவராயிருந்த காலத்தில் றூர்ப் பிரதேசம் என்றவுடன் "நிலக்கரி, இரும்பு, உருக்கு" என்று ஒப்புவிப்போம், புள்ளியும் பெறுவோம். அப்பிரதேசத்தின் நடுவே எம்ஷர் என்றொரு சிற்றாறு ஓடுகின்றது என்பதை எவரும் நமக்குச் சொன்னதில்லை. அந்தப் பெருஞ்செல்வத்துக்கெல்லாம் விலை கொடுத்தது அந்த ஆறேயாகும்.

டோர்ட்முண்ட் நகருக்கு அருகே பிறந்து, மேற்கு நோக்கி ஏறக்குறைய 80 கிலோமீற்றர் ஓடி, றைன் நதியிற் கலப்பது எம்ஷர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அதன் இருமருங்கும் சுரங்கங்களும் உலைகளும் எழுந்தன; இலட்சக்கணக்கான மக்கள் வந்து குடியேறினர். அவர்களுடைய கழிவெல்லாம் ஆற்றிலே சேர்ந்தது. நிலத்தின் கீழே குழாய் பதித்திருக்கலாகாதா என்று கேட்கலாம். நிலக்கரியை அகழ அகழ மேலுள்ள நிலம் தாழ்ந்து கொண்டே போயிற்று. பதித்த குழாய் உடைந்து போகும். ஆறு ஓட வழியின்றித் தேங்கியது. வெள்ளமும் நோயும் மலிந்தன. ஆகவே 1899 ஆம் ஆண்டில் நகரங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, ஆற்றையே திறந்த சாக்கடையாக்கின. வளைவுகளை நிமிர்த்தினர், அடியிலே கொங்கிரீற்றுப் பாவினர், பிள்ளைகள் தவறி விழாதிருக்க வேலியும் இட்டனர். அது கொடுமையால் விளைந்த செயலன்று. அன்றைய நிலையில் வேறு வழி தோன்றவில்லை. ஆயினும், ஆற்றங்கரையிற் பிறந்த பிள்ளைகள் மூன்று நான்கு தலைமுறையாக ஆற்றிலே கால் நனையாமல் வளர்ந்தனர் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கின்றது.

பின்னர் நிலக்கரியின் காலமும் முடியலாயிற்று. 1950களில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே சுரங்கத் தொழிலில் ஈடுபட்டிருந்தனர். எண்ணெயும் மலிவான அந்நியக் கரியும் வரவே, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. டுயிஸ்பேர்க் நகரின் மைடெரிஷ் இரும்பாலை 1985 இலும், எசன் நகரின் சொல்பெரைன் சுரங்கம் 1986 இலும் ஓய்ந்தன. 2018 டிசம்பரில் பொட்ரொப் நகரிலே கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. தந்தையின் விளக்கை மகன் ஏந்தி நிலத்தினுட் சென்ற மரபு அத்துடன் அற்றது.

தொழில் போயிற்று; புகை படிந்த கட்டடங்களும் நாறும் ஆறும் எஞ்சின. எல்லாவற்றையும் இடித்துத் தள்ளுவோம் என்றனர் பலர். 1989 முதல் 1999 வரை பத்தாண்டுகள் நடைபெற்ற எம்ஷர்ப் பூங்காச் சர்வதேசக் கட்டடக் கண்காட்சி வேறு வழி காட்டியது. கார்ள் கன்ஸர் என்பார் அதற்குத் தலைமை தாங்கினார். "உழைத்தவரின் நினைவை இடியாதீர், ஊரை முதலிலே ஊராருக்குத் திருத்திக் கொடுங்கள்" என்பதே அம்முயற்சியின் உட்கருத்து எனலாம்.

மைடெரிஷ் இரும்பாலை 1994 இல் பூங்காவாயிற்று. பீற்றர் லாட்ஸ் என்னும் நிலவமைப்புக் கலைஞர் உலைகளை அப்படியே நிற்க விட்டார். இன்று அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. தாதுப்பொருள் கொட்டிய சுவர்களில் இளைஞர் மலையேற்றம் பழகுகின்றனர். வாயு நிரப்பிய தாங்கியிலே நீர் நிரப்பி முக்குளிக்கின்றனர். 1932 இல் எழுந்த சொல்பெரைனின் பன்னிரண்டாம் சுரங்கவாயிற் கட்டடங்கள், 2001 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. கரி கழுவிய மண்டபம் இப்போது நூதனசாலை. அங்கே சுரங்கத்தில் உழைத்தவர்கள் சிலரே வழிகாட்டிகளாகி, தாம் பட்ட பாட்டைத் தம் வாயாலேயே சொல்லி வந்தனர். இவ்விடங்களையெல்லாம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் நீளமான உல்லாசப் பயணப் பாதையொன்று இணைக்கின்றது. பெரும் விடுதிகளைக் கட்டி ஊரை விற்கும் வகையன்று இது. துவிச்சக்கர வண்டியிலும் புகையிரதத்திலும் சென்று, ஊராரோடு ஊராராய்க் காணும் வகை.

ஆற்றின் கதை இன்னும் அருமையானது. சுரங்கங்கள் ஓய்ந்து நிலம் தாழ்வது நின்றமையாற் குழாய் பதிக்க இயன்றது. 1992 இலே தொடங்கிய வேலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. 51 கிலோமீற்றர் நீளமான பெருங்குழாய்க் கால்வாயொன்று நிலத்தின் கீழே அமைந்தது. 2021 ஆம் ஆண்டு முடிவிலே எம்ஷர் கழிவுநீரற்ற ஆறாயிற்று. கொங்கிரீற்றைப் பெயர்த்துக் கரையைத் தளர்த்திய இடங்களில் மீனும் தும்பியும் மீண்டன. கரையோரம் துவிச்சக்கர வண்டிப் பாதை ஓடுகின்றது. செலவு 550 கோடி யூரோ. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் முதுமொழி. அளவின்றிப் போட்டவர்கள் மீட்பதற்கு அளந்து கொடுத்த தொகை இது.

இங்கே நாம் ஒரு மயக்கத்துக்கு ஆளாகலாகாது. உல்லாசப் பயணிகள் வந்தமையால் இழந்த தொழிலெல்லாம் மீண்டுவிட்டதெனக் கூறுவது பொய்யாகும். இலட்சக்கணக்கானோருக்குச் சுரங்கம் அளித்த ஊதியத்தை நுழைவுச்சீட்டும் சிற்றுண்டிச்சாலையும் அளிக்கமாட்டா. தாழ்ந்த நிலத்தில் நீர் நிரம்பாதிருக்க இன்றும் இயந்திரங்கள் இடையறாது நீர் இறைக்கின்றன. என்றும் இறைத்தே ஆக வேண்டும். டோர்ட்முண்டின் ஹோர்டே பகுதியிலே 2001 இல் மூடப்பட்ட உருக்காலையைச் சீனர் கழற்றிக் கொண்டு போயினர். அவ்விடத்தில் அழகிய ஏரியொன்று அமைந்தது. கரையில் விலையுயர்ந்த வீடுகளும் எழுந்தன. அன்று உலையருகே வெந்த தொழிலாளியின் பேரன் அவ்வீட்டை வாங்க இயலுமா? ஏரி அழகியதே, கேள்வியும் நியாயமானதே. ஊரை அழகு செய்வதிலே ஊரார் ஒதுக்கப்படின், அப்பயணத்துறையை நிலைபேறானது என்று நாம் கூறோம்.

அப்பிரதேசம் நமக்கு அந்நியமுமன்று. அதன் கிழக்கெல்லையிலுள்ள ஹம் நகரிலே, கைத்தொழிற் பேட்டையொன்றின் நடுவே, இலங்கையிலிருந்து சென்ற நம்மவர் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் 2002 இற் குடமுழுக்குக் கண்டது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் தேர்த்திருவிழாவுக்குக் கூடுகின்றனர். சரக்குத் தோணிகளுக்காக வெட்டிய கால்வாயிலே தீர்த்தமாடுகின்றனர். பயணிகளை வரவழைக்க எழுந்த கோயிலன்று அது. அங்கு வாழ்வோர் தாம் வழிபட எழுப்பியது. ஆயினும் அயல்நாட்டவரும் காண வருகின்றனர்.

மாணவனின் வினாவுக்கு நம் விடையும் இதுவே. வெறும் பாழைக் காண்பதற்கு எவரும் நெடுந்தூரம் போகார். தம் உழைப்பை வெட்கமின்றி நினைத்து, தாம் கெடுத்ததைத் தாமே திருத்தி வாழும் மக்களைக் காணவே போவர். விருந்தாளி வருவாரென்று முற்றத்தை மட்டும் கூட்டும் வீடு ஒருநாள் அழகு. வீட்டார் தமக்காக நாடோறும் கூட்டும் வீட்டுக்கோ விருந்தாளி தாமே வருவர். வந்தவர் மீண்டும் வருவர்.

"அப்படியாயின், நம் ஊர் வாய்க்காலை முதலில் யார் கூட்டுவது, ஐயா?" என்று அவன் மறுபடியும் கேட்டான். இம்முறை வகுப்பு நகைக்கவில்லை.