ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளிக்கு ‘10,000 ஸ்டெப்ஸ்’ டார்கெட் எதற்கு?

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகள் அவை. பெண்களே அதிகம். ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும். காய் எடுக்கக் குனிந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் குத்தவைத்து உட்கார வேண்டும். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கியவரிடம் ‘இன்னைக்கு எத்தனை ஸ்டெப்ஸ்?’ என்று ஒரு ஆப் கேட்டால் எப்படி இருக்கும்?

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த ‘ஃபிட் இந்தியா’ உட்பட, உடற்பயிற்சி ஆப்கள் பலவும் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து உருவானவை. 10,000 என்ற கணக்கே 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியதுதான். டாக்டர் எழுதிக் கொடுத்ததல்ல! வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தோட்டத் தொழிலாளி ஒரே நாளில் தாண்டிவிடுவார். ஆனால், ஓய்வில்லாத பளு வேலை, நிதானமான நடைப்பயிற்சி தரும் அதே பலனை இதயத்துக்குத் தருவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அவருக்குத் தேவை முதுகுக்கும் முழங்காலுக்கும் பிசியோதெரபி, பிரஷர் - சுகர் பரிசோதனை.

அப்படியானால் செல்போன் வழி மருத்துவமே வீணா? இல்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 பேரிடம் சென்னை ஆய்வாளர்கள் நடத்திய சோதனை 2013-ல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில், எஸ்எம்எஸ் அறிவுரை பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. சாதாரண எஸ்எம்எஸ்-க்கு இது பெரிய வெற்றி. ஒரே குறை, அந்த 537 பேருமே ஆண்கள்.

இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் நாட்டில் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம் என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. ஆப்பை மட்டும் நம்பினால் யார் விடுபடுவார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரையும் பிசியோதெரபியும் கொண்டுவருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் பகலில் கதவைத் தட்டினால் ஆள் மலையில் இருப்பார். வேலையிடத்துக்கே போகலாம் என்றால், தோட்டம் இருப்பது கேரளாவில்.

அதிகாலையில் ஜீப் நிற்கும் இடத்திலேயே பிரஷர் பார்க்கலாம். சாதாரண போனுக்கும் வருகிற மாதிரி, இரவு ஏழு மணிக்கு மேல் தமிழில் குரல் அழைப்பில் மாத்திரையை நினைவூட்டலாம். தேனி, இடுக்கி மாவட்ட சுகாதாரத் துறைகள் ஒரே நோயாளி அட்டையை ஏற்றுக்கொண்டால், மலைக்கு மேலே மயங்கி விழுபவரின் சுகர் அளவு அங்குள்ள டாக்டருக்கும் தெரியும்.